மூலைக்கு ஒதுங்கிய ராஜா

பல்லக்கா என்று சொன்னால்தான் சதுரங்க மன்றத்தில் அவளை எவருக்கும் தெரியும். பெற்றோர் ஆசை ஆசையாய் இட்ட பெயர் ஒன்று அவளுக்கு இல்லாமற் போகவில்லை. அது வங்கிக் கணக்கிலும் வாக்காளர் அட்டையிலும் மட்டும் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது. பல் மருத்துவர்கள் அனுப்பிவைக்கும் வாயச்சுகளைக் கொண்டு பல்செட் செய்துகொடுக்கும் பட்டறையொன்றில் அவள் மூத்த தொழிலாளி. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்திக் கடிக்கின்றனவா என்று பார்த்து, மயிரிழை பிசகினாலும் பிடுங்கி மறுபடி நிறுத்துவாள். அவள் கையால் செய்த பல்லைக் கட்டிக்கொண்டவர்கள் அதைக் கழற்றி வைக்க மறந்து உறங்கிப் போவதாகப் பட்டறையில் பெருமையாய்ச் சொல்லிக்கொள்வார்கள்.

ஆட்டத்திலும் அதே குணந்தான். பலகையின்முன் அமர்ந்ததும் முதற்கண் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பாள். பிறகு தன் காய்களை ஒவ்வொன்றாகக் கட்டத்தின் நட்டநடுவே நிறுத்துவாள். குதிரைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க வேண்டும். சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்காது. எல்லாம் சரியான பின், இரு கைகளையும் தொடைக்கு அடியிற் செருகி, அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வாள். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பது போட்டி விதியாதலால், கை அவசரப்பட்டுவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. எதிராளியின் கண்களை அவள் பார்ப்பதில்லை, தாடையைத்தான் பார்ப்பாள். ஒருவர் எப்போது பல்லைக் கடிக்கிறார், எப்போது தளர்த்துகிறார் என்பதை அறிவதற்கு அவளுக்குக் கூடுதல் முயற்சி தேவைப்படவில்லை.

அவளுடைய தங்கைக்கு மன்றத்தார் இட்ட பெயர் பட்டாசு. மின்தூக்கி நிறுவனம் ஒன்றில், லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அலறியடித்துக்கொண்டு அழைக்கும் தொலைபேசிக்குப் பதில் சொல்வது தங்கையின் வேலை. “பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, வந்துட்டே இருக்காங்க” என்று தேன் தடவியதுபோன்ற குரலில் அவள் சொன்னால், ஆள் கிளம்பாதபோதும் உள்ளே இருப்பவர் அமைதியடைந்துவிடுவார். பலகையின்முன்னோ அவளுக்கு அமைதி என்பதே கிடையாது. படபடவென்று ஆடுவாள், வென்றாலும் தோற்றாலும் எல்லோருக்கும் முன்னதாக எழுந்துவிடுவாள்.

ஞாயிறுதோறும் பிற்பகலில் தங்கை அக்காள் வீட்டிற்கு வருவாள். சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு, இருவரும் பழைய பலகையை விரிப்பார்கள். கணினியைச் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அக்காள் வகுத்த சட்டம். “யந்திரம் கண்டுபிடிச்சா அது யந்திரத்தோடது. நாம கண்டுபிடிச்சாத்தான் நம்மளோடது” என்பாள். தங்கை முணுமுணுப்பாள், ஆயினும் மீறியதில்லை.

அவ்வாறு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அவர்கள் செதுக்கியது ஒரு தொடக்க ஆட்டம். இத்தாலியன் என்று ஆட்டக்காரர் அழைக்கும் பழைய தொடக்கந்தான் அது; வெள்ளைக்காய் ஆடுபவர் ராஜாவின் சிப்பாயை நகர்த்தி, குதிரையையும் மந்திரியையும் வெளியே கொண்டுவந்து, கோட்டை கட்டிக்கொண்டு அமைதியாய்க் காத்திருப்பார். உலகமே அறிந்த வழி. அந்த வழியின் நடுவில், எவரும் எதிர்பாராத கணத்தில், வெள்ளைக் குதிரை எதிரியின் வீட்டுக்குள் ராஜாவின் பக்கத்தில் போய்க் குதித்து ‘செக்’ சொல்லும். வெட்டிக்கொள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். வலிய வந்து விழும் குதிரையை வேண்டாம் என்பார் யார்? வெட்டினால் வெள்ளையின் ராணியும் யானையும் மடை திறந்தாற்போல் பாய்ந்துவிடும். இந்தக் குதிரைப் பாய்ச்சல்தான் சகோதரிகளின் சொத்து.

அதற்கு ஒரே ஒரு மாற்று இருந்தது. கறுப்பு, குதிரையை வெட்டாமல், ராஜாவை ஓரடி நகர்த்தி மூலையில் ஒதுக்கிவிட்டால், உள்ளே போன குதிரை வெளியே வர வழியின்றி வீணாய்ச் சாகும். இதைக் கண்டுபிடித்தவளும் தங்கைதான். கண்டுபிடித்த அன்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அக்கா, இது எங்க மாமியார்க்கா! ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. பேசாம எழுந்து போய் மூலையில உக்காந்துடுவாங்க. அவ்வளவுதான், வீடே தலைகீழா நிக்கும்.”

அன்றுமுதல் அந்த நகர்த்தலுக்கு ‘மாமியார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பலகையின்முன் அமர்ந்து, கடிகாரம் ஓட ஓட, மாமியாரைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஆள் பிறக்கவில்லை என்று இருவரும் துணிந்தனர். பெரிய நாள் ஒன்று வரும்வரை குதிரையை எவருக்கும் காட்டுவதில்லை என்றும், யாருக்கு முதலில் வாய்ப்பு அமைகிறதோ அவர் ஆடிக்கொள்வது என்றும் பேசி முடிவு செய்தனர்.

இவ்விடத்தில் அந்தச் சமையலறைப் பலகையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் கறுப்புச் சிப்பாய் ஒன்று எப்போதோ தொலைந்துபோயிற்று. அதற்குப் பதிலாகப் பல்லக்கா பட்டறையிலிருந்து கழிவாய்ப் போன கடைவாய்ப்பல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பருத்த பல், நிற்காமல் உருண்டது. எனவே தொழில் புத்தியோடு அடியில் சிறிது மெழுகை வைத்துக் கட்டத்தோடு ஒட்டிவிட்டாள். கறுப்பு ராஜா மூலைக்கு ஒதுங்கும்போது அவனுக்கு நேர் முன்னால் நிற்கும் ஓரச் சிப்பாய் அது. அந்தச் சிப்பாய்க்கு இந்த ஆட்டத்தில் நகர வேண்டிய தேவையே இல்லையாதலால், ஒட்டிய பல் ஒட்டியபடியே இருந்தது. இருவரும் அதைச் சுற்றி ஆடினார்கள். நாளடைவில் அது சிப்பாய் என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. மதிலின் ஒரு கல்லைப் போல அது நின்றது.

பெரிய நாள் இவ்வாண்டு வந்தது. வெளிநாட்டில் நடக்கும் குழுப்போட்டிக்கு மன்றம் தன் அணியை அனுப்புவதாயிருந்தது. அணியில் மற்ற இடங்கள் நிரம்பிவிட, கடைசி இடம் ஒன்று எஞ்சியது. சனிக்கிழமைதோறும் நடந்துவந்த தேர்வுப் போட்டியின் இறுதிச் சுற்றில் அது முடிவாக வேண்டும். சகோதரிகள் இருவருமே போட்டியில் முன்னணியில் இருந்தனர். தங்கை அரைப் புள்ளி முந்தியிருந்தாள்.

பல்லக்காவுக்கு இந்த இடம் எத்தனை பெரிது என்பதைத் தங்கையைவிட நன்கறிந்தவர் வேறெவரும் இலர். முன்னொரு முறை அக்காளுக்கு அணியில் இடம் கிடைத்தேவிட்டது. அந்தச் சமயத்தில் தங்கைக்குப் பேறுகாலம் சிக்கலாகி, மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. பல்லக்கா பயணத்தைக் கைவிட்டு, தங்கையின் கட்டிலருகே முக்காலியில் அமர்ந்திருந்தாள். அதைப் பற்றி அவள் பின்னர் ஒரு சொல்லும் பேசியதில்லை. இம்முறையோ, முதலாளியிடம் முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவைத்து, சக்கரம் வைத்த பயணப்பை ஒன்றும் வாங்கி, அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தாள்.

இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஞாயிறன்று தங்கை வரவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். அவ்வாரத்தில் ஒருநாள் பட்டறையில், பல் ஒன்று கோணலாய் நின்றதால் மெழுகைச் சூடாக்கி அதைப் பிடுங்கியெடுத்தாள் பல்லக்கா. பிடுங்கிய பல் விரலிடுக்கில் இருந்தது. மெழுகில் பள்ளம் இருந்தது. அதைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிடுங்கலாமே! மூலையில் ஒதுங்கிய ராஜாவின் முன்னால் நிற்பது மதிலன்று, சிப்பாய், அதை வெட்டலாம். ராணியையே கொடுத்து வெட்டினால், ராஜா ராணியை வெட்டித்தான் ஆக வேண்டும், வேறு போக்கில்லை. வெட்டியதும், ஓரக்கோட்டில் யானை வந்து இறங்கும். திரும்பிப் போகும் வழியையெல்லாம், வீணாய்ச் சாகும் என்று அவர்கள் நினைத்த அந்தக் குதிரை காவல் காத்துக்கொண்டிருக்கும். செக்மேட்.

அதாவது, மாமியார் தப்பும் வழியன்று. தானே போய்த் தூக்கு மாட்டிக்கொள்ளும் வழி.

அன்று மாலையே தங்கைக்குத் தொலைபேசியில் பேசினாள்.

“ஏண்டி, நம்ம குதிரை ஆட்டத்துல ஒண்ணு...”

“ஐயோ அக்கா, வேலை நேரம். ரெண்டு லிப்ட் நின்னு கிடக்கு. அதான் எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே, அப்புறம் பேசலாம்” என்று தங்கை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் யாருக்கு யார் எதிராளி என்ற அறிவிப்பைக் கூடத்தின் கதவில் ஒட்டினார்கள். நூலகக் கட்டடத்தின் மேல்மாடிக் கூடம் அது. வாசலில் ஒரு தட்டு. ஆட்டக்காரர் எல்லோரும் தம் கைப்பேசிகளை அணைத்து அதில் வைத்துவிட்டே உள்ளே போக வேண்டும். பல்லக்காவுக்கு வெள்ளைக்காய், எதிராளி வக்கீல். மன்றத்தில் நெடுநாளாய் இருப்பவர். ஒரு சிப்பாயை நகர்த்துவதற்கும் சாட்சி விசாரணை நடத்துவதுபோல யோசிப்பவர். அவர் எப்போதும் இத்தாலியனுக்கு ஒரே வகையில்தான் விடை சொல்வார்.

தங்கை அறிவிப்பைப் படித்துவிட்டு அக்காளின் தோளை இடித்தாள். “அக்கா, சரியான ஆளா மாட்டியிருக்காரு! இன்னிக்கு நம்ம குதிரையை இறக்கிடு.”

“இறக்கிடலாமாடி?”

“பின்ன, அதைப் பூட்டி வெச்சு முட்டையா போடப் போகுது? இறக்குக்கா!”

“உன்கிட்ட அதுல ஒண்ணு சொல்லணும். அன்னிக்கே சொல்ல வந்தேன்...”

“இப்ப ஒண்ணும் வேண்டாம். தலை கனமாயிடும். ஆடி முடிச்சுட்டுச் சொல்லு.”

அக்காள் கைகழுவிவிட்டு வருகையில், நடைவழியில் தண்ணீர் இயந்திரத்தின் அருகே தங்கையும் வக்கீலும் தேநீர்க் குவளைகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தனர். தங்கை கைவிரலால் சுவரில் ஏதோ கட்டம் போட்டுக் காட்டினாள், வக்கீல் தலையாட்டினார். வக்கீலைப் பேச்சில் இழுத்து அவர் கவனத்தைக் கெடுக்கிறாள், கெட்டிக்காரி, என்று எண்ணிப் பல்லக்கா தனக்குள் சிரித்துக்கொண்டே கடந்து போனாள்.

ஆட்டம் தொடங்கிற்று. கண்ணாடியைத் துடைத்தாள், குதிரைகளை எதிரெதிரே திருப்பினாள், கைகளின்மேல் அமர்ந்தாள். தங்கை தன் மேசையில் சில நகர்த்தல்களிலேயே சமன் செய்துகொண்டு எழுந்துவிட்டாள். அவளுடைய புள்ளி அத்துடன் முடிந்தது. இனி, பல்லக்கா வென்றால் இருவர் புள்ளியும் சமமாகும்; அதிக ஆட்டங்களில் வென்றவருக்கே இடம் என்ற விதிப்படி பல்லக்காவுக்கு இடம். தோற்றாலும் சமன் செய்தாலும் தங்கைக்கு இடம். தங்கை, பார்வையாளருக்காகக் கட்டியிருந்த கயிற்றின் அப்புறம் போய் நின்றுகொண்டாள்.

வக்கீல் வழக்கம்போல் ஆமையாய் ஆடினார். ஒவ்வொரு காயைத் தொடுமுன்பும் அவர் தாடை இறுகும். முன்பற்கள் ஒன்றோடொன்று அரைபடும். அந்தப் பற்களின் விளிம்பு தேய்ந்திருந்ததைப் பல்லக்கா நெடுநாள் முன்பே கவனித்திருந்தாள். இரவெல்லாம் பல்லைக் கடிக்கும் மனிதர். ராணி தன் இடத்துக்கு வந்தது. யானை மூன்றாம் வரிசைக்கு ஏறிற்று. வெள்ளைக் குதிரை தாண்டித் தாண்டி நெருங்கி நின்றது. எல்லாம் சமையலறையில் நடந்தபடியே நடந்தன.

பல்லக்கா தொடைக்கடியிலிருந்து வலக்கையை எடுத்தாள். குதிரையைத் தூக்கி எதிரியின் வீட்டுக்குள் வைத்தாள். கடிகாரத்தை அழுத்தினாள்.

சுற்றியிருந்த மேசைகளில் இரண்டு தலைகள் நிமிர்ந்தன. குதிரை இனாமாய்க் கிடந்தது.

வக்கீல் யோசிக்கவில்லை. அவர் தாடை இறுகவும் இல்லை. பேனாவைக்கூடக் கீழே வைக்காமல், மற்றக் கையால் ராஜாவைப் பிடித்து மூலைக்குத் தள்ளினார், கடிகாரத்தைத் தட்டினார், நாற்காலியில் சாய்ந்து, வாயைச் சற்றே திறந்தபடி, எட்டத்தில் இருந்த சன்னலைப் பார்க்கலானார்.

மாமியார்.

பல்லக்காவுக்கு முதலில் எதுவும் தோன்றவில்லை. காதுக்குள் ஓசை நின்றுபோனாற்போல் இருந்தது. பிறகு அவளுடைய மனம், அடிபட்டவர் விழுந்த இடத்திலிருந்தே எழ முயல்வதுபோல, அவசர அவசரமாய்க் காரணங்களைத் தேடிற்று. தாமாகக் கண்டுபிடித்திருப்பார். ஏன், கூடாதா? புத்தியுள்ள மனிதர். ஆனால் புத்தியுள்ள மனிதர் குதிரையை வெட்டினால் என்ன ஆகும் என்றாவது பார்ப்பாரே. ஒரு சிப்பாய்க்கே அத்தனை நேரம் அரைத்த பற்கள், ஒரு முழுக்குதிரை முன்னால் வந்து விழுந்தபோது அசையவே இல்லையே. அதற்கும் மேலே ஒன்று: தாமாக யோசித்திருந்தால், இந்த நகர்த்தலை அவர் ஆடியிருக்கவே மாட்டார். இது பிழையான நகர்த்தல். மேசையில் நிற்பது மரச் சிப்பாய். அதை எவரும் மதில் என்று நினைக்க மாட்டார். உலகத்தில் இந்த நகர்த்தலை நல்லது என்று நம்பக்கூடியவர்கள், மெழுகால் ஒட்டிய பல்லின் முன்னால் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் இருவர்தாம். ஒருத்தி இங்கே நாற்காலியில் இருந்தாள்.

மற்றொருத்தியைப் பார்க்க அவள் கழுத்தைத் திருப்பினாள். கயிற்றின் அப்புறம் நின்ற தங்கை அக்காளைப் பார்க்கவில்லை. தன் கைநகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள், கண்கள் சந்தித்தன, உடனே வேறு மேசையைப் பார்ப்பவள்போல் நகர்ந்து, ஒரு தூணின் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

தண்ணீர் இயந்திரமும், சுவரில் விரலால் போட்ட கட்டமும், “இறக்குக்கா” என்ற குரலும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து அதனதன் இடத்தில் அமர்ந்தன. தான் சிரித்துக்கொண்டே கடந்து போனதும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் அவளை வெட்கப்படுத்திற்று.

கடிகாரம் ஓடிற்று. பல்லக்கா கைகளின்மேல் அமர்ந்திருந்தாள். வெல்லும் வழி அவள் கண்ணெதிரே, கழுவி வைத்த பாத்திரம்போல் பளிச்சென்றிருந்தது. ஆயினும் அவள் தொடவில்லை. ஒருகணம் அவளுக்கு இப்படித் தோன்றிற்று: குதிரையை வீணாய்ப் பறிகொடுத்தவள்போல் வேறெதையாவது ஆடித் தோற்றுவிட்டால், இந்த உண்மை பலகைக்கு வெளியே வராது. தங்கை அணிக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வருவாள். “வக்கீல் எப்படிக்கா கண்டுபிடிச்சாரு?” என்று அவளே வாய்மேல் கைவைத்து வியப்பாள். தானும், “என்னவோடி, நேரம்” என்று சொல்லிக்கொண்டு சமையலறை மேசையைத் துடைக்கலாம். விட்டுக்கொடுப்பது பல்லக்காவுக்குப் புதிதன்று. கை தானாகவே செய்துவிடும் வேலை அது. தெரியாததுபோல் இருந்துகொண்டு விட்டுக்கொடுப்பதுதான் புதிது. அதைச் சாகும்வரை செய்ய வேண்டியிருக்கும்.

அவள் கையை எடுத்தாள். ராணியைத் தூக்கி, மூலை ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை வெட்டி, அந்தக் கட்டத்தின் நட்டநடுவில் வைத்தாள்.

வக்கீல் சன்னலிலிருந்து திரும்பினார். ராணியைப் பார்த்தார். அப்போதுதான், ஆட்டத்தில் முதல்முறையாக யோசிப்பவரைப்போல, அவர் தாடை மெல்ல இறுகிற்று. பற்கள் அரைபடும் ஓசை பல்லக்காவுக்குக் கேட்டது. நெடுநேரம் கேட்டது. ராஜாவால் ராணியை வெட்டுவதைத் தவிர அவருக்கு வழியில்லை, வெட்டினார். யானை ஓரக்கோட்டிற்கு வந்தது. வக்கீல் பலகையை இடமும் வலமுமாய்ப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்தி, கையை நீட்டினார்.

நடுவர் வந்து முடிவைக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த மேசைக்காரர் எட்டிப் பார்த்து, “அடேயப்பா, பல்லக்கா, வேரோட பிடுங்கிட்டீங்களே!” என்று மெல்லிய குரலில் சொன்னார். பல்லக்கா தலையசைத்துவிட்டு எழுந்தாள்.

நடைவழியில் தங்கை நின்றிருந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் வக்கீல் பின்னாலேயே வந்துவிட்டார். தோற்ற கோபத்தில் அவருடைய வழக்கறிஞர் நிதானம் எங்கோ போய்விட்டது.

“நல்லாருக்கும்மா ரெண்டு பேரும் ஆடுற நாடகம்! ஒருத்தி வந்து தேன் மாதிரிப் பேசி, குதிரை வந்தா வெட்டாதீங்க, மூலைக்குப் போங்க, அதுக்கு எங்க வீட்ல மாமியார்னு பேருன்னு சொல்லுவா. இன்னொருத்தி அங்க தயாரா ராணியை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. என்னைப் பொறியில தள்ள அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து திட்டம் போட்டிருக்கீங்க!”

தங்கையின் முகம் வெளிறிற்று. பல்லக்கா வக்கீலை அமைதியாகப் பார்த்தாள்.

“நாங்க சேர்ந்து போடலைங்க. அவ தனியாப் போட்டா. உங்களுக்கும் எனக்கும் ஒரே நேரத்துலதான் தெரிஞ்சுது.”

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காளையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. “மன்னிச்சுக்குங்கம்மா” என்று முணுமுணுத்துவிட்டு, காலி இருக்கை ஏதோ தேடுபவரைப்போல் நகர்ந்து போனார்.

தங்கை அக்காளின் கையைப் பற்றினாள். தொலைபேசியில் பேசும் அந்தக் குரல் அவளிடமிருந்து தானாக வெளிப்பட்டது. “அக்கா, ஒண்ணும் ஆகலை பாரு. நீதானே ஜெயிச்ச. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. பதறாத.”

“நான் லிப்டுக்குள்ள மாட்டிக்கலைடி.”

தங்கையின் கை தளர்ந்தது. அந்தக் குரல் போய், சொந்தக் குரல் வந்தது. “எனக்கும் போகணும்னு ஆசை இருக்காதாக்கா? எப்பப் பாரு, அக்கா பாவம், அக்கா விட்டுக்கொடுத்தான்னு வீட்ல எல்லாரும் பாடுறாங்க. நான் பிள்ளை பெத்ததுக்கே உன்கிட்ட கடன்பட்ட மாதிரி ஆயிடுச்சு. ஒரே ஒரு தடவை, நானா ஒண்ணு எடுத்துக்கணும்னு நெனச்சேன்.”

“எடுத்துக்கோ. கேட்டு எடுத்துக்கலாமே. ‘அக்கா, இந்தத் தடவை எனக்கு விடு’ன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருந்தா?”

“சொல்லியிருந்தா விட்டிருப்ப. அதான் சொல்லலை.” தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; உடனே, அடிபட்ட பூனை சீறுவதுபோல் நிமிர்ந்தாள். “நீ மட்டும் என்ன ஒழுங்கா? மாமியார் தோக்கும்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொன்னியா? நானே கறுப்புல ஆடியிருந்தா? என்கிட்ட மறைச்சுட்டு, என்னையே திருடி மாதிரிப் பாக்குற!”

“போன்ல சொல்ல வந்தேன். எல்லாம் தெரிஞ்சதுதானேன்னு வெச்சுட்ட. இன்னிக்குக் காலையில சொல்ல வந்தேன். ஆடி முடிச்சுட்டுச் சொல்லுன்ன. இப்ப ஆடி முடிச்சாச்சு.”

காலையில் அக்காள் சொல்ல வந்தது என்ன என்பது இப்போதுதான் தங்கைக்கு விளங்கிற்றுப் போலும். அதைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால், வக்கீலிடம் வேறொன்றைச் சொல்லியிருப்பாள்; குதிரையை வெட்டினாலும் ஒதுங்கினாலும் தோல்விதான் என்று கண்டு, குதிரை பாயுமுன்பே அதைத் தடுக்கும் வேறு வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருப்பாள். அக்காள் அன்பாய்ச் சொல்ல வந்ததே அக்காளைத் தோற்கடிக்கப் பயன்பட்டிருக்கும். பல்லக்காவுக்கும் அதே கணத்தில் அது புரிந்தது. இத்தனை நேரம் வராத கண்ணீர் அப்போது வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மன்றத்தின் செயலாளர் கூடத்திலிருந்து விரைந்து வந்தார். பருத்த உடம்பு, மூச்சு வாங்கிற்று. முகமெல்லாம் பல்.

“பல்லக்கா! வாழ்த்துகள், வாழ்த்துகள்! எத்தனை வருஷமா உங்களைக் காக்க வெச்சுட்டோம். சரி, டிக்கெட் இன்னிக்கே போடச் சொல்லிட்டாங்க. ஆளுக்கு ஒரு துணை கூட்டிட்டு வரலாம். ராத்திரி உக்காந்து அடுத்த நாள் ஆட்டத்துக்குத் தயார் பண்ண ஒருத்தர் வேணுமில்ல? உங்களுக்கு வேற யாரு, நம்ம பட்டாசுதான். பேரைப் போட்டுடட்டுமா?”

தங்கை தலைகுனிந்து நின்றாள். பிறகு, குரல் எழும்பாமல், “நான் வரேன்க்கா. உன் பை தூக்கவாவது வரேன். ஒரு வாட்டி” என்றாள்.

செயலாளர் இருவரையும் பார்த்துச் சிரித்தார். அக்காளும் தங்கையும் வெற்றிக் களிப்பில் கண்கலங்கி நிற்பதாக அவர் எண்ணியிருக்கலாம்.

பல்லக்கா தங்கையைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட வேண்டும்போல் இருந்தது; ஒதுக்கியும் விட்டாள். அதன்பின் செயலாளரிடம் திரும்பினாள்.

“இல்லைங்க. என் பேரு மட்டும் போடுங்க. நான் தனியாப் போறேன்.”